காலி செய்த பிறகு வந்த பில்: எதைக் கொடுப்பது, எதற்குக் கணக்குக் கேட்பது?

வாசகர் கடிதம்:

மதிப்புக்குரிய அம்மா, நான்கு வருடம் குடியிருந்த அடுக்குமாடி வீட்டைப் போன மாதம் காலி செய்தோம். வாடகை ஒரு மாதம்கூடத் தள்ளிப்போனதில்லை. சாவி கொடுத்த அன்று வீட்டுக்காரர் எல்லா அறைகளையும் சுற்றிப் பார்த்துவிட்டு, "சரிம்மா, முன்பணத்தை அனுப்பி வைக்கிறேன்" என்றார். மூன்று வாரம் கழித்துப் பணம் வரவில்லை, ஒரு பில் வந்தது. வீடு முழுக்கப் பெயின்ட், ஆள் வைத்துச் சுத்தம் செய்தது, சமையல் மேடைப் பலகையை மாற்றுவது, ஜன்னல் திரைகள், கடைசியாக "காலி செய்யும் கட்டணம்" என்று ஒன்று. கூட்டினால் இரண்டரை மாத வாடகை. நாங்கள் கொடுத்திருந்த முன்பணம் இரண்டு மாத வாடகை. அது போக அரை மாத வாடகை நாங்கள்தான் தர வேண்டுமாம். மேடையில் சூடான பாத்திரத்தை வைத்துக் கருக்கியது நான்தான், மறுக்கவில்லை. மற்றவை எதுவும் எங்களால் கெட்டதில்லை. "விட்டுத் தொலை, யார் அலைவது" என்கிறார் என் கணவர். பணம் தராவிட்டால் புது வீட்டுக்காரர் எங்களைப் பற்றி விசாரிக்கும்போது நல்லபடியாகச் சொல்ல மாட்டேன் என்று பழைய வீட்டுக்காரர் வேறு சொல்கிறார். நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

இந்த இரண்டரை மாத வாடகையை நீங்கள் அப்படியே ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. ஒன்றுமே தர மாட்டேன் என்று நிற்பதும் சரியல்ல. நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், உங்கள் பொறுப்பு என்று தெளிவாகத் தெரிவது சமையல் மேடை மட்டும்தான். அதிலும் முழுத் தொகை உங்கள் தலையில் விழாது. மற்ற ஒவ்வொன்றுக்கும் அவர்தான் காரணமும் ஆதாரமும் காட்ட வேண்டும். அதுவரை பணம் கொடுக்காதீர்கள், அதே சமயம் பதில் எழுதாமலும் இருந்துவிடாதீர்கள். இப்படிப்பட்ட தகராறுகளில் வாடகைக்கு இருந்தவர்கள் பெரும்பாலும் தோற்பது சட்டம் எதிராக இருப்பதால் அல்ல. கோபத்தில் போனை எடுக்காமல் விட்டுவிடுகிறார்கள், அல்லது பயந்து கேட்டதைக் கொடுத்துவிடுகிறார்கள்.

முதலில் ஒன்றை மனத்தில் நன்றாகப் பதித்துக்கொள்ளுங்கள். முன்பணம் உங்கள் பணம். வீட்டுக்காரர் அதைப் பத்திரமாக வைத்திருக்கிறார், அவ்வளவுதான். அதிலிருந்து எடுப்பவர் ஏன் எடுத்தேன், எவ்வளவு எடுத்தேன் என்று சொல்லக் கடமைப்பட்டவர். பில் கைக்கு வந்ததும் நாம் குற்றவாளிபோல் நம்மை நிரூபிக்கக் கிளம்பிவிடுகிறோம். நிரூபிக்க வேண்டியவர் அவர். நீங்கள் எந்த நாட்டில் இருக்கிறீர்கள் என்று எழுதவில்லை. விதிகள் இடத்துக்கு இடம் மாறினாலும் இந்த அடிப்படை பெரும்பாலும் மாறாது. இங்கிலாந்தில் முன்பணம் பெற்ற 30 நாட்களுக்குள் அதை அங்கீகரிக்கப்பட்ட பாதுகாப்புத் திட்டம் ஒன்றில் சேர்க்க வேண்டும். பிடித்தம் பற்றிய தகராறு அங்கே போனால் ஆதாரம் காட்டும் சுமை வீட்டுக்காரருடையது. கலிஃபோர்னியாவில் வீடு காலியான 21 நாட்களுக்குள் எதற்கு எவ்வளவு பிடித்தம் என்ற விவரத்தோடு மீதிப் பணத்தை அனுப்ப வேண்டும். உங்கள் ஊரிலும் இப்படி ஒரு கெடு இருக்கிறதா என்று இன்றே விசாரியுங்கள். கெடு தாண்டியிருந்தால் பிடித்தம் செய்யும் உரிமையையே வீட்டுக்காரர் இழந்துவிடும் இடங்களும் உண்டு.

அடுத்தது, எது தேய்மானம், எது சேதம் என்பது. தகராறு முழுவதும் இதில்தான் நிற்கிறது. ஒரு வீட்டில் நான்கு வருடம் மனிதர்கள் வாழ்ந்தால் அது நான்கு வருடம் பழையதாகும். சுவர் மங்கும். சோபா உரசிய இடம் கறுக்கும். வெயில் படும் பக்கம் திரை வெளுக்கும். கதவுக் கீல் தளரும், குழாயின் பளபளப்பு போகும். இதற்கெல்லாம் சேர்த்துத்தான் மாதாமாதம் வாடகை கொடுத்தீர்கள். அதற்கு இரண்டாவது முறை காசு கேட்க முடியாது. குழந்தை சுவரில் மெழுகுச் சாயத்தால் கிறுக்கியது, கதவில் ஓட்டை விழுந்தது, கண்ணாடி உடைந்தது, தண்ணீர் கசிவதைச் சொல்லாமல் விட்டு மரம் ஊறிப்போனது, இவை சேதம். இதற்குக் குடியிருந்தவர் பொறுப்பு. இந்த வேறுபாடு புதிதல்ல. இந்தியாவின் 1882-ஆம் வருடச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 108-ஆவது பிரிவே, பெற்றுக்கொண்ட நிலையில் சொத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று சொல்லும்போது, நியாயமான தேய்மானத்தால் வந்த மாற்றத்தை விலக்கிவிடுகிறது. ஜப்பானில் 2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த குடிமைச் சட்டத் திருத்தமும், சாதாரணப் புழக்கத்தால் வரும் தேய்மானத்தைச் சரிசெய்யும் கடமை குடியிருந்தவருக்கு இல்லை என்று எழுத்திலேயே வைத்துவிட்டது.

இனி உங்கள் பில்லுக்கு வருகிறேன்.

பெயின்ட். இதுதான் பில்லிலேயே பெரிய தொகையாக இருக்கும் என்று நினைக்கிறேன், பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். நான்கு வருடம் ஆன சுவருக்கு மறுபடி பெயின்ட் அடிப்பது வீட்டுக்காரரின் வழக்கமான பராமரிப்புச் செலவு. ஆணி அடித்த சிறு துளைகள் இருந்தால்கூட அதைக் காட்டி முழு வீட்டுக்கும் பெயின்ட் கேட்பது நியாயமில்லை. அவரிடம் மூன்று விஷயங்களைக் கேளுங்கள். இதற்கு முன் கடைசியாக எப்போது பெயின்ட் அடித்தார்? எந்தச் சுவரில் என்ன சேதம்? அதற்குப் படம் இருக்கிறதா? நீங்கள் குடிபோகும்போதே சுவர் பழையதாக இருந்திருந்தால் அவருடைய வாதத்துக்கு நிற்க இடமே இல்லை. ஜப்பானில் அரசு வெளியிட்டிருக்கும் வழிகாட்டி, சுவர்த்தாளின் மதிப்பு 6 வருடத்தில் ஏறக்குறைய ஒன்றுமில்லாமல் போய்விடுவதாகக் கணக்கிடுகிறது. அந்தக் கணக்கு உங்கள் சுவருக்கு அப்படியே பொருந்தாது. ஆனால் எல்லாப் பொருளுக்கும் ஓர் ஆயுள் உண்டு, குடியிருந்தவர் மிச்சமிருந்த ஆயுளுக்கு மட்டுமே பொறுப்பு என்ற வழி எங்கும் கைகொடுக்கும்.

அந்த வழியில்தான் சமையல் மேடையையும் பார்க்க வேண்டும். கருகியது உங்களால், அதை ஒப்புக்கொள்கிறீர்கள், நல்லது. அதை எழுத்திலும் ஒப்புக்கொள்ளுங்கள் என்பேன். செய்த தவறை மறைக்காமல் சொல்பவர் மற்றவற்றை மறுக்கும்போது அந்த மறுப்புக்கு எடை கூடுகிறது. தகராறைத் தீர்க்க உட்காருபவர் இதைக் கவனிப்பார்.

எவ்வளவு கொடுப்பது? முதலில், அந்த இடத்தை மட்டும் பழுது பார்க்க முடியுமா என்று பார்க்க வேண்டும். முடியுமானால் அந்தச் செலவோடு விஷயம் முடிந்தது. கருகிய பகுதியை மட்டும் வெட்டி மாற்ற முடியும் என்றால், மேடை முழுவதையும் மாற்றும் செலவு உங்களுடையது அல்ல. முழுவதையும் மாற்றியே ஆக வேண்டும் என்றால் பலகையின் வயதைக் கேளுங்கள். ஒரு பேச்சுக்கு, அப்படிப்பட்ட பலகை 10 வருடம் உழைக்கும், நீங்கள் காலி செய்யும்போது அதற்கு 6 வயது என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 4 வருடம். புதுப் பலகையின் செலவில் பத்தில் நான்கு பங்குதான் உங்கள் கணக்கு. மற்ற ஆறு பங்கை அவர் ஏற்கெனவே அனுபவித்துவிட்டார். பழைய பொருளுக்குப் பதில் புதுப் பொருள் வாங்கி, அதன் முழு விலையையும் உங்களிடம் வசூலித்தால், உங்கள் செலவில் அவர் வீடு மேம்படுகிறது. இழப்பை ஈடுகட்டுவதோடு அவர் உரிமை முடிகிறது. உங்கள் பில்லில் வீட்டுக்காரர்கள் மிகக் கடுமையாக மறுக்கும் இடமும் இதுவாகத்தான் இருக்கும். "புதுசு வாங்க எனக்கு முழுசாத்தானே செலவு" என்பார்கள். செலவு முழுதுதான், ஆனால் நீங்கள் கெடுத்தது புதுப் பலகையை அல்ல. பொறுமையாகத் திரும்பத் திரும்ப இதையே சொல்லுங்கள்.

ஜன்னல் திரைகள் வெளுத்திருந்தால் தேய்மானம், கிழிந்திருந்தால் சேதம். கிழிந்திருந்தாலும் வயதுக் கணக்கு உண்டு. இதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை.

சுத்தம் செய்த செலவைப் பொறுத்தவரை, ஒப்பிட வேண்டியது நீங்கள் உள்ளே போன நாளின் நிலையோடு. நீங்கள் போனபோது ஆள் வைத்துப் பளபளவென்று துடைத்து வைத்திருந்தாரா, அல்லது சாதாரணமாகப் பெருக்கித் துடைத்த வீடா? எப்படிப் பெற்றீர்களோ அப்படித் திருப்பித் தந்தால் போதும், அதைவிடச் சுத்தமாக ஒப்படைக்கும் கடமை இல்லை. அடுப்புக்கு மேல் எண்ணெய்ப் பிசுக்கு, கழிவறைத் தொட்டியில் கறை என்று எதையாவது விட்டு வந்திருந்தால் அதற்கான நியாயமான கூலியைக் கேட்பதில் தவறில்லை. எல்லா வீட்டுக்கும் ஒரே தொகை என்று அச்சடித்து வைத்து வசூலிப்பது வேறு. இங்கிலாந்தில் 2019 ஜூன் முதல் நடைமுறைக்கு வந்த வாடகைதாரர் கட்டணச் சட்டத்தின்படி, காலி செய்யும்போது ஆள் வைத்துச் சுத்தம் செய்யக் கட்டணம் கட்டியே ஆக வேண்டும் என்று ஒப்பந்தத்தில் போட முடியாது. குடியிருந்தவர் அழுக்காக விட்டுப் போனது நிரூபணமானால் மட்டும் முன்பணத்திலிருந்து எடுக்கலாம். இந்த வேறுபாடு எனக்கு மிகவும் நியாயமாகப் படுகிறது.

"காலி செய்யும் கட்டணம்" பற்றித்தான் எனக்குச் சந்தேகம் அதிகம். உங்கள் வாடகை ஒப்பந்தத்தை எடுத்து ஒவ்வொரு பக்கமாகப் படியுங்கள், பின்னால் இணைத்த தாள்களையும் சேர்த்து. அதில் இப்படி ஒரு கட்டணம் இல்லையென்றால் நீங்கள் தர வேண்டிய காரணம் எனக்குத் தெரியவில்லை. ஒரு தரப்பு பிறகு நினைத்துக்கொண்டு சேர்ப்பது ஒப்பந்தம் ஆகாது. ஒப்பந்தத்தில் இருந்தாலும் உடனே சோர்ந்துவிட வேண்டாம். பல நாடுகளில் சட்டம் தடுக்கும் கட்டணத்தை ஒப்பந்தத்தில் எழுதினாலும் செல்லாது. முன்னறிவிப்புக் காலம் முடியும் முன்பே கிளம்பிவிட்டீர்கள் என்பதற்கான தண்டனையாக அதைப் போட்டிருந்தால், இந்தியாவில் 1872-ஆம் வருட ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆவது பிரிவு உதவும். மீறலுக்கு ஒரு தொகையை முன்கூட்டியே எழுதி வைத்திருந்தாலும், அந்தத் தொகையைத் தாண்டாத நியாயமான இழப்பீடு மட்டுமே கிடைக்கும் என்கிறது அது. வீடு ஒரு வாரத்தில் அடுத்தவருக்குப் போய்விட்டதென்றால் இழப்பு எவ்வளவு என்ற கேள்வி வரும்தானே?

இன்னொரு சாத்தியமும் இருக்கிறது. சில குடியிருப்புகளில் சாமான் ஏற்றி இறக்க லிஃப்டைப் பயன்படுத்துவதற்குச் சங்கமோ நிர்வாகமோ ஒரு தொகை வாங்கும். அது உண்மையாக இருந்தால் நிர்வாகத்தின் ரசீது இருக்கும். அந்த ரசீதைக் காட்டச் சொல்லுங்கள், அதில் உள்ள தொகையை மட்டும் கொடுங்கள்.

ஆதாரத்துக்கு வருவோம். சாவி கொடுத்த அன்று எல்லா அறையையும் பார்த்துவிட்டுச் "சரிம்மா, அனுப்பி வைக்கிறேன்" என்று அவர் சொன்னது உங்களுக்குப் பெரிய பலம், ஆனால் அது வாய்ச்சொல். இன்றே அதை எழுத்தாக்குங்கள். "இந்தத் தேதியில், இந்த நேரத்தில் நீங்கள் வீட்டைப் பார்வையிட்டு, குறை எதுவும் சொல்லாமல், முன்பணத்தைத் திருப்பி அனுப்புவதாகச் சொன்னீர்கள்" என்று மின்னஞ்சலிலோ வாட்ஸ்அப்பிலோ அனுப்புங்கள். அவர் மறுக்காமல் விட்டால் பிறகு மறுப்பது கடினம். கூட யாராவது இருந்தார்களா? சாமான் ஏற்ற வந்தவர்கள், பக்கத்து வீட்டுக்காரர், அவர்களிடமும் ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள்.

படம் எடுக்கவில்லையே என்று நீங்கள் நினைக்கலாம். தேடினால் இருக்கும். பிறந்தநாள் படத்தில் பின்னால் சுவர் தெரியும். உறவினரோடு வீடியோவில் பேசும்போது எடுத்த படத்தில் திரை தெரியும். நான்கு வருடத்துக்கு முன் வீடு வாடகைக்கு என்று வந்த விளம்பரப் படங்கள் இணையத்தில் கிடைத்தால், குடிபோன அன்று சுவரும் மேடையும் எப்படி இருந்தன என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை. இப்போது மறுபடி விளம்பரம் வந்திருக்கிறதா என்றும் பாருங்கள், வந்திருந்தால் தேதி தெரியும்படி சேமித்துக்கொள்ளுங்கள். இதை நான் வற்புறுத்திச் சொல்கிறேன். பெயின்ட் அடித்ததாகப் பில் போட்டுவிட்டு, அதே பழைய சுவரோடு வீட்டை அடுத்தவருக்குக் கொடுப்பது நடக்கிறது. கொட்டேஷன் வேறு, ரசீது வேறு. கொட்டேஷனை வைத்துப் பணம் கேட்டால், வேலை நடந்ததா என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. கலிஃபோர்னியாவில் 2025 ஏப்ரல் முதல், காலியான பிறகும் பழுது பார்த்த பிறகும் படம் எடுத்து வைக்கும் கடமையே வீட்டுக்காரருக்கு வந்துவிட்டது.

எழுத வேண்டிய கடிதம் ஏறக்குறைய இப்படி இருக்கலாம். உங்கள் சொற்களில் மாற்றிக்கொள்ளுங்கள்.

"ஐயா, நீங்கள் அனுப்பிய பில் கிடைத்தது. சமையல் மேடையில் உள்ள கருகல் என்னால் ஏற்பட்டது, அதற்குரிய நியாயமான தொகையைத் தரத் தயாராக இருக்கிறேன். அந்தப் பலகை எந்த வருடம் போடப்பட்டது, அந்த இடத்தை மட்டும் சரிசெய்ய எவ்வளவு ஆகும் என்று தெரிவிக்கவும். பெயின்ட், சுத்தம், திரைகள், காலி செய்யும் கட்டணம் ஆகியவற்றை நான் ஏற்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒப்பந்தத்தில் உள்ள ஆதாரம், சேதத்தைக் காட்டும் படம், செலவு செய்த ரசீது ஆகியவற்றை 14 நாட்களுக்குள் அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறேன். தகராறில்லாத மீதி முன்பணத்தை இப்போதே இந்தக் கணக்கில் செலுத்தவும். நாம் நான்கு வருடம் சுமுகமாக இருந்தோம், இதையும் அப்படியே முடித்துக்கொள்ள விரும்புகிறேன்."

கடைசி வரியை எடுத்துவிடாதீர்கள். அது உண்மையும்கூட. தவறான தொகையைப் போடும் எல்லா வீட்டுக்காரரும் கெட்ட எண்ணத்தோடு போடுவதில்லை. பலருக்குத் தேய்மானம் என்ற கணக்கே தெரியாது. ஏஜென்ட் சொன்னதை அப்படியே எழுதி அனுப்பியிருப்பார். மரியாதையாகக் கேட்டதும் பாதியைத் தானே குறைத்துக்கொள்பவர்களும் உண்டு.

பேசும்போது போனில் எதையும் ஒத்துக்கொள்ளாதீர்கள். பேசினாலும், பேசியதை உடனே எழுதி அனுப்புங்கள். அவர் ஒரு பகுதிப் பணத்தை அனுப்பினால் வாங்கிக்கொள்ளலாம், ஆனால் "மீதித் தொகைக்கான என் உரிமையை விட்டுக்கொடுக்காமல் பெற்றுக்கொள்கிறேன்" என்று எழுதிவிடுங்கள். இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்ற தாளில் கையெழுத்துக் கேட்டால், பேசி முடித்த முழுத் தொகையும் கைக்கு வரும் வரை போடாதீர்கள். சமரசம் ஆகிவிட்டால் அதே தாள் உங்களுக்கும் பாதுகாப்பு. அப்போது அவரும் கூடுதலாக எதுவும் கேட்க மாட்டேன் என்று கையெழுத்திட வேண்டும்.

14 நாளில் பதில் வராவிட்டாலோ, ஆதாரமில்லாத பதில் வந்தாலோ, உங்கள் ஊரின் வாடகைத் தகராறு அமைப்பையோ சிறு தொகை வழக்குகளுக்கான நீதிமன்றத்தையோ அணுகுங்கள். வழக்கறிஞர் இல்லாமலே குடிமக்கள் போகக்கூடிய வகையில்தான் பல இடங்களில் அவற்றை அமைத்திருக்கிறார்கள். அவர் கேட்கும் அந்த அரை மாத வாடகையை வசூலிக்க வேறு நிறுவனத்திடம் ஒப்படைத்தால் மட்டும் ஒரு நாளும் தாமதிக்காதீர்கள். அமெரிக்காவில் அப்படிப்பட்ட நிறுவனத்தின் முறையான அறிவிப்பு கிடைத்ததிலிருந்து 30 நாட்களுக்குள் எழுத்தில் மறுத்தால், கடனுக்கான சான்றைக் காட்டும் வரை அவர்கள் வசூலை நிறுத்தி வைக்க வேண்டும். அந்தக் காலத்தைத் தவறவிட்டால் பிறகு உங்கள் நிலை பலவீனமாகும்.

உங்கள் கணவர் சொல்வதை நான் தள்ளிவிடவில்லை. புது வீடு, வேலை, பிள்ளைகள் என்று இருக்கும்போது இந்த அலைச்சல் சாதாரணமல்ல. ஆனால் இப்போது கேட்பது ஒரே ஒரு கடிதம். அதற்கு வரும் பதிலைப் பார்த்து, மீதம் எவ்வளவு தொகை தகராறில் நிற்கிறது என்று தெரிந்த பிறகு, விடுவதா தொடர்வதா என்று இருவரும் உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். தொகை தெரியாமல் விட்டுவிடுவதுதான் எனக்கு வருத்தம். இரண்டு மாத வாடகை ஒரு குடும்பத்துக்குச் சிறிய பணமல்ல.

புது வீட்டுக்காரரிடம் நல்லபடியாகச் சொல்ல மாட்டேன் என்ற மிரட்டலை எழுத்தில் அனுப்பியிருந்தால் அழிக்காமல் வைத்திருங்கள். நேரில் சொன்னார் என்றால் தேதி போட்டுக் குறித்து வையுங்கள். பணத்துக்காக மிரட்டினார் என்பது பிறகு உங்கள் பக்கம் பேசும். புது வீட்டுக்காரரிடம் நீங்களே முந்திக்கொண்டு சொல்லிவிடுவது நல்லது. நான்கு வருடமும் வாடகை தேதி தவறாமல் போனதற்கு வங்கிக் கணக்கு விவரத்தைக் காட்டுங்கள், முன்பணக் கணக்கில் ஒரு கருத்து வேறுபாடு இருக்கிறது, எழுத்தில் பேசிக்கொண்டிருக்கிறோம் என்று சொல்லுங்கள். வாடகை வாங்கப்போகும் ஒருவருக்கு அந்த வங்கி விவரம்தான் முக்கியம்.